ஆலங்குட்டைக்கு வந்த பஸ்

பஸ் நிற்பதற்கு முன்பே மேளச் சத்தம் கேட்டது.

பெரிய மேளமெல்லாம் இல்லை. யாரோ ஒருவர் தகர டப்பாவைக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தார். புழுதி அடங்கியதும் பார்த்தேன். மூன்று வீடுகள், ஒரு வைக்கோல் போர், ஒரு கிணறு. அவற்றின் முன்னால் பதினோரு பேர் காலையிலேயே தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு வரிசையாக நின்றிருந்தார்கள். ஒரு பெண் ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தாள். பெரியவர் ஒருவர் குனிந்து முன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எறங்கி வாங்கம்மா. இன்னிக்கு பஸ்ஸு வருதுன்னு நேத்தே கூட்டு ரோட்டுல சொன்னாங்கோ. பதினோரு வருசமா பஸ் கேட்டு மனு குட்த்துக்கினு கீறோம். இன்னிக்குத்தான் கவர்மெண்டுக்குக் கண்ணு தெறந்துச்சி."

நான் இறங்கவில்லை. என் கையில் கம்ப்யூட்டர் அச்சடித்த லிஸ்ட் இருந்தது. இரண்டு ஓரங்களிலும் வரிசையாக ஓட்டை போட்ட நீளக் காகிதம். அதில் 'ஆலங்குட்டை' என்ற தலைப்பின் கீழ், எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் முப்பத்து நாலு பேரின் பெயர்கள். காலை ஷிப்டுக்கு அவர்களை ஏற்றிப் போகத்தான் கம்பெனி பஸ் அன்று முதன்முதலாக அந்த ஊருக்கு வந்திருந்தது.

"பச்சையம்மாள், மோல்டிங் செக்‌ஷன்?" என்று ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன்.

"பச்சையம்மன் கோயிலு அந்தாண்ட கீதும்மா," என்று பெரியவர் கையை நீட்டிக் காட்டினார்.

"ஏழுமலை, பாய்லர்?"

"ஏழுமலையான் படம் வூட்டுக்குள்ள மாட்டிக்கீறோம்."

ஓட்டுநர் ஞானப்பிரகாசம் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி என் பக்கம் திரும்பினார். "மேடம், நானும் எண்ணிப் பாத்துட்டேன். குழந்தையெல்லாம் சேத்து மொத்தமே பதினோரு தலைதான் கீது. முப்பத்தி நாலு பேரை நான் எங்கேந்து ஏத்தறது?"

இதற்குள் அந்தப் பதினோரு பேரும் இரண்டு கூடை கத்தரிக்காயோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்கு வந்த கடிதம்

வேலைக்கான நேர்முகத் தேர்வில் நான் உளறியதைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுப் பல்லாவரத்து வாசகி ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். "இப்படி உளறியவரை எப்படி எடுத்தார்கள்? எடுத்த பிறகு என்ன ஆனது?" என்று கேட்டிருக்கிறார். முதல் கேள்விக்கு இன்றுவரை எனக்கே விடை தெரியாது. இரண்டாவதற்கு விடைதான் ஆலங்குட்டை.

எண்பதுகளின் பின்பாதி. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் அப்போது இருந்தவை அதிகமும் வயலும் ஏரியும்தான். நடுநடுவே ஒன்றிரண்டு தொழிற்சாலைகள் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. எங்களுடையதில் வண்டிகளுக்கான ரப்பர் சாமான்கள் செய்தார்கள். வாசலிலிருந்து அரை மைல் தூரத்துக்குக் கருகிய ரப்பர் நாற்றம் வரும். ஒரு மாதத்தில் அது மூக்குக்குப் பழகிவிடும். வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் பழகாது. "டயர் வந்துட்டா" என்றுதான் என் தம்பி கதவைத் திறப்பான்.

நான் கணிதத்தில் பட்டம் வாங்கி, சென்னையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். கம்பெனியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். அதற்காக ஓர் அறை, அறைக்கு ஏ.சி., கதவுக்கு வெளியே செருப்பு விடும் இடம். தொழிற்சாலைக்குள் அந்த அறை ஒரு சந்நிதி மாதிரி. ஆள் எடுக்கும் பிரிவின் மேனேஜர் சந்தானம் சார், உள்ளே வரும்போது குரலைக்கூடத் தாழ்த்திக்கொள்வார்.

எனக்கு அவர் கொடுத்த முதல் வேலை, அத்தனை தொழிலாளர்களின் விவரங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு ஒரு புரோகிராம் எழுதுவது. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, ஊர், செக்‌ஷன் என்று திரையில் வரிசையாகக் கட்டங்கள். கட்டத்தில் எழுத்தை நிரப்பி பொத்தானை அழுத்தினால் அடுத்த கட்டம்.

"மிஸ் மாலதி, ஒரே ஒரு விஷயம்," என்றார் அவர். "தப்பான ஒரு எழுத்துகூட உள்ளே போகக் கூடாது. போனால் அப்புறம் கம்ப்யூட்டர் எதுக்கு? நோட்டுப் புத்தகமே போதுமே."

அந்த வாக்கியத்தை நான் வேத வாக்காக எடுத்துக்கொண்டேன்.

பீப்

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காவல்காரனை நிறுத்தினேன். பெயரில் எண் வந்தால் உள்ளே விடாதே. வயது பதினெட்டுக்குக் கீழே என்றால் விடாதே. மாதம் பன்னிரண்டைத் தாண்டினால் விடாதே. விடாததோடு, தப்பு செய்தவருக்கு உறைக்கிற மாதிரி ஒரு சத்தமும் போடு. பீப்.

அந்தச் சத்தத்தைச் சேர்த்த அன்று எனக்கிருந்த பெருமை! காவல்காரனுக்கு விசில் வாங்கிக் கொடுத்த மாதிரி.

தொழிலாளர்கள் எழுதிக் கொடுத்த விண்ணப்பப் பாரங்களைப் பார்த்து விவரங்களை அடித்து ஏற்றும் வேலை ஏகாம்பரம் சாருக்கு. வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் கிளார்க். நாற்பத்தைந்து வயது, சுருட்டை முடி, சட்டைப் பையில் எப்போதும் மூன்று நிறப் பேனாக்கள். இருபது வருஷம் கையால் ரிஜிஸ்டர் எழுதியவர். அவர் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்று தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பத்திரிகை உறையில் விலாசம் எழுத அவரிடம்தான் கொண்டு வருவார்கள். அப்படிப்பட்ட மனிதர் இப்போது இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்.

முதல் நாள், முதல் ஆள், முதல் கட்டம். பீப்.

"இன்னாம்மா கத்துது?"

எட்டிப் பார்த்தேன். பெயர்க் கட்டத்தில் '7மலை' என்று இருந்தது.

"என்ன சார் இது?"

"ஏழுமலைம்மா. பாரம்ல அவன் அப்படித்தான் எழுதிக்கீறான். பாரம்ல இருக்கறத மாத்தி அடிக்கக் கூடாதுன்னு சார் சொன்னாரே."

ஏழுமலையைக் கூப்பிட்டு விட்டோம். பாய்லர் சூட்டிலிருந்து நேராக ஏ.சி. அறைக்கு வந்தவர், அந்தக் குளிரில் கைகளை உரசிக்கொண்டு கொஞ்ச நேரம் சொர்க்கத்தில் இருப்பவர் போல நின்றார். எதற்காக எண்ணில் எழுதினீர்கள் என்றால், "சீக்கிரமா முடிஞ்சிடும் மேடம்" என்றார். அவருடைய தம்பி பெயர் ஆறுமுகம், தம்பி மனைவி பெயர் அஞ்சலை என்று தெரிந்ததும், அவர்கள் எப்படிக் கையெழுத்துப் போடுவார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

பிறந்த தேதிக் கட்டம் இன்னும் மோசம். பாதிப் பேருக்கு ஜூன் முதல் தேதி. பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார்கள் கொடுத்த பிறந்தநாள். அதில் ஒரு வாத்தியார் மட்டும் கொஞ்சம் மாறுதலுக்காக ஜூன் முப்பத்தொன்று என்று சான்றிதழிலேயே எழுதி முத்திரை குத்தியிருந்தார். பீப். "சர்ட்டிபிகேட் தப்பா, மிசினு தப்பா?" என்று அந்த ஆள் கேட்டபோது, சந்தானம் சார் தன் மேஜை நாட்காட்டியில் ஜூன் மாதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

ஆண், பெண் கட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'எம்' அல்லது 'எஃப்', இரண்டில் ஒரு எழுத்துதான் போடலாம். வேறு எதைப் போட்டாலும் பீப். அந்தக் கட்டத்தில் மட்டும் ஒரு நாள் முழுக்க ஒரு சத்தமும் வரவில்லை. நான் மகிழ்ந்து போயிருந்தேன். சாயங்காலம் லிஸ்ட்டை அச்சடித்தால், பாய்லர் செக்‌ஷனில் பதினேழு பெண்கள்.

"சார், இவங்கெல்லாம் ஆம்பளைங்க இல்லையா?"

"ஆமாம்மா, கல்யாணம் ஆகாத பசங்க. எம்-னா மேரீடு. எஃப்-னா ஃப்ரீ. கரெக்ட்டாத்தானே போட்டுக்கீறேன்?"

சரியான எழுத்து, தப்பான விஷயம். என் காவல்காரன் சலாம் போட்டு உள்ளே விட்டிருக்கிறான். இதை அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, பதினேழு பேரையும் திரும்ப ஆண்களாக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஊர்க் கட்டம்

அந்தச் சமயத்தில்தான் பஸ் விஷயம் வந்தது.

கம்பெனி பஸ் அதுவரை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரகடம் கூட்டு ரோட்டைத் தாண்டியும் ஒரு பஸ் விடுவதென்று முடிவானது. இடது பக்கம் திரும்பினால் படப்பை வழி, வலது பக்கம் திரும்பினால் வாலாஜாபாத் வழி. எந்தப் பக்கம் எந்த ஊரிலிருந்து அதிகம் பேர் வருகிறார்களோ அங்கே பஸ். "அதை நாங்கள் தீர்மானிக்கப் போவதில்லை, கம்ப்யூட்டரே தீர்மானிக்கும்," என்று சந்தானம் சார் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் பெருமையாகக் கடிதம் எழுதிவிட்டார்.

சேரப்பணஞ்சேரியிலிருந்துதான் ஆட்கள் அதிகம் என்பது கேண்டீனில் டீ ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் அந்த ஊர்ப் பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருந்தார்கள். 'எஸ்'ஸில் தொடங்கியவர்கள், 'சி'யில் தொடங்கியவர்கள், 'பி'யை இரட்டித்தவர்கள், நடுவில் மூச்சு வாங்கி இரண்டு ஊராகப் பிரித்தவர்கள். கம்ப்யூட்டர் எண்ணிப் பார்த்து, இவை ஒன்பது வெவ்வேறு ஊர்கள் என்றது.

இதற்கு ஒரு காவல்காரன் போதாது என்று நான் முடிவு செய்தேன். சந்தானம் சார் அறைச் சுவரில் தாலுகா வரைபடம் ஒன்று தொங்கியது. அதைப் பார்த்து எல்லா ஊர்களின் பெயர்களையும் அகர வரிசையில் புரோகிராமுக்குள் எழுதினேன். அந்தப் பட்டியலில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து சரியாக அடித்தால் உள்ளே, இல்லாவிட்டால் பீப். மூன்று முறை பீப் வாங்கினால், பாவம் என்று, பட்டியலையே திரையில் காட்டும். வேண்டிய ஊருக்கு அம்புக்குறியை நகர்த்திப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான்.

கட்டத்தின் நீளம் பதின்மூன்று எழுத்து. ஸ்ரீபெரும்புதூரை ஆங்கிலத்தில் எழுதி, விரல் விட்டு எண்ணி அந்த அளவை வைத்தேன். அதைவிட நீளமான பெயர் இந்தப் பக்கத்தில் எங்கே இருக்கப்போகிறது என்று நினைத்தேன். மறைமலை நகரை எல்லோரும் எம்.எம். நகர் என்று எழுதினார்கள், இருங்காட்டுக்கோட்டையை ஐ. கோட்டை என்று எழுதினார்கள், பட்டியலிலும் நான் அப்படியே போட்டிருந்ததால் அவை தப்பித்தன. சேரப்பணஞ்சேரிக்கு மட்டும் யாரும் சுருக்கம் வைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து லிஸ்ட் வந்தது. ஒரகடத்தைத் தாண்டி அதிகம் பேர் வரும் ஊர் ஆலங்குட்டை. முப்பத்து நாலு பேர்.

"எங்கே இருக்கு அது?" என்றார் சந்தானம் சார்.

வரைபடத்தில் தேடினோம். வலது பக்கம், தார் ரோடு முடிந்து வண்டிப் பாதை தொடங்குகிற இடத்தில் ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி.

"பார்த்தீங்களா!" என்றார் அவர், கண்கள் பளபளக்க. "மனுஷனா இருந்தா கண்ணை மூடிக்கிட்டுச் சேரப்பணஞ்சேரின்னு சொல்லியிருப்பான். கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிச்சிருக்கு!"

செருப்போடு வந்தவர்

கூடைகளோடு ஏறிய ஆலங்குட்டைக்காரர்களை ஒரகடம் கூட்டு ரோட்டில் இறக்கிவிட்டோம். ஓட்டுநருக்கு ஒரு மடி கத்தரிக்காய் கொடுத்து, "சாயங்காலம் எத்தினி மணிக்கு திரும்பறீங்கோ?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெரியவர் இறங்கினார். அவர் பெயர் முனுசாமி. அந்த மூன்று வீடுகளும் அவரும் அவருடைய தம்பிகளும் கட்டியவை.

காலி பஸ்ஸோடு நான் தொழிற்சாலைக்குள் நுழைந்த அரை மணி நேரத்தில் ஏ.சி. அறையின் கதவு படாரென்று திறந்தது. மோல்டிங் செக்‌ஷன் பச்சையம்மாள். முழங்கால் வரை புழுதி, கையில் தூக்குச் சட்டி, காலில் செருப்பு. அந்த அறைக்குள் செருப்போடு வந்த முதல் ஆள் அவர்தான்.

"இன்னா மேடம், பஸ்ஸு வருது பஸ்ஸு வருதுன்னு நோட்டீசு ஒட்னீங்களே. அஞ்சரை மணிலேந்து முப்பத்தி நாலு பேரும் ரோட்டாண்ட நின்னுக்கினு கீறோம். காக்கா வந்துச்சி, நாயி வந்துச்சி, பஸ்ஸு வர்ல. டவுன் பஸ்ஸயும் வுட்டுட்டு பாதி தூரம் நடந்து வந்தா, கேட்டுல லேட்டுன்னு கோடு போட்டுட்டான்!"

மூன்று தடவை லேட் கோடு விழுந்தால் நிரந்தரப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அவர்களில் பலருக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தது. அதனால்தான் பஸ்ஸே கேட்டார்கள்.

"அக்கா, உங்க ஊர்... ஆலங்குட்டைன்னு லிஸ்ட்ல..."

"இன்னா குட்டை?"

திரையில் அவருடைய பக்கத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். எட்டாவது வரை படித்தவர். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தார்.

"என்னை ஆலங்குட்டைல யாரும் கட்டிக் குடுக்கலியே! அங்க எனக்கு மாப்ள யாரு?"

ஏகாம்பரம் சார் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று பேனாக்களையும் பையிலிருந்து எடுத்து வரிசையாக அடுக்கினார், மறுபடி பையில் வைத்தார்.

"சார், நீங்கதானே அடிச்சீங்க?" என்றேன்.

பச்சையம்மாளே நாற்காலியை இழுத்துப் போட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். "நகருங்க. எங்க ஊரை நானே சொல்லிக்கிறேன் மிசினாண்ட. எந்தக் கட்டம்?"

காட்டினேன். பட்டியலில் நான் எழுதியிருந்தபடியே எழுத்துகளைச் சொன்னேன். அவர் ஒற்றை விரலால், கல் உப்பு எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக அழுத்தினார். எஸ். ஈ. ஆர். ஏ. வாய் அசைந்துகொண்டே இருந்தது. கடைசி எழுத்துக்கு விரலைக் கொண்டு போனார்.

பீப்.

திரையில் 'ஊர் தவறு' என்று வந்தது.

"இன்னும் ஒரு எழுத்து பாக்கி கீது," என்றார் பச்சையம்மாள். "அதுக்குள்ள எதுக்குக் கத்துது?"

மறுபடி அடித்தார். மறுபடி பீப். இந்த முறை இடது கை விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். "எங்க ஊருக்குப் பதினாலு எழுத்து. இந்தப் பொட்டில எடம் பதிமூணுக்குத்தான் கீது. இதுல எப்டி மேடம் நாங்க அத்தினி பேரும் உக்கார்றது?"

ஏ.சி. அறையில் எனக்கு வியர்த்தது. எவ்வளவு சரியாக அடித்தாலும் ஏற்காத ஒரு கட்டத்தை நான் செய்து வைத்திருக்கிறேன். சரியான பெயர் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதை அடிப்பதற்குக் கட்டத்தில் இடம் இல்லை.

"நான் சரியாத்தாம்மா அடிச்சேன்," என்றார் ஏகாம்பரம் சார் மெதுவாக. "ஒவ்வொரு தடவையும் சரியாத்தான் அடிச்சேன். ஒவ்வொரு தடவையும் கத்துச்சு. கத்தறப்பல்லாம் கண்ணாடித் தடுப்பு வழியா சந்தானம் சார் நிமிந்து பாப்பாரு. இருவது வருசத்துல என் ரிஜிஸ்டர்ல ஒரு அடித்தல் திருத்தல் கெடையாது. நாலு நாள்ல என்னைத் தப்பு பண்றவனாக்கிட்டுது இது. மூணாவது கத்தலுக்கு ஊர் லிஸ்ட் வரும். வந்த உடனே பட்டனை அமுக்கினா கத்தாம வுட்டுடுது. அதான் அமுக்கிட்டேன்."

பட்டியல் அகர வரிசையில் இருந்தது. அம்புக்குறி முதல் ஊரில் நின்றது. முதல் ஊர் ஆலங்குட்டை.

என்னிடம் வந்து ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வரவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் வந்து, "எனக்கு ஸ்பெல்லிங் வர்ல போலிருக்கு" என்று அவர் எப்படிச் சொல்வார்?

ஓர் எழுத்தைக் குறைக்கலாமா?

மூன்று பேருமாக சந்தானம் சார் அறைக்குப் போனோம். நான் விஷயத்தைச் சொன்னேன். தப்பு என்னுடையது, ஏகாம்பரம் சாருடையது இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போய்விட்டது. டைரக்டர் வருகிற திங்கட்கிழமை நேரில் வந்து, கம்ப்யூட்டர் கண்டுபிடித்த பஸ் தடத்தைப் பார்ப்பதாக இருந்தது. துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"ஏம்மா பச்சையம்மா," என்றார் ரொம்ப யோசித்துவிட்டு. "உங்க ஊர்ப் பேர்ல ஒரு எழுத்தைக் குறைச்சுக்க முடியுமா? எழுதறதுல மட்டும்தான். கூப்பிடறது எப்பவும் போலக் கூப்பிட்டுக்கலாம்."

"தாராளமா சார். நீங்க முதல்ல உங்க பேர்ல ஒண்ணு கொறச்சிக்குங்க. 'சந்தானம்'ல எத எடுக்கலாம் சொல்லுங்க. 'ச'வையா, 'ந்'தையா?"

ஏகாம்பரம் சார் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். சந்தானம் சார் உண்மையிலேயே ஒரு கணம் தன் பெயரை மனத்துக்குள் வெட்டிப் பார்த்தார் என்று நினைக்கிறேன், முகத்தில் தெரிந்தது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் கெட்டவர் இல்லை. முப்பத்து நாலு லேட் கோடுகளையும் தன் கையாலேயே அடித்து, பக்கத்தில் 'பஸ் தாமதம்' என்று எழுதினார். டைரக்டருக்கு என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, என்னிடமிருந்து ஒரு மன்னிப்புக் கடிதம் வாங்கினார் என்பதும், என் தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீண்டது என்பதும்தான்.

புரோகிராமில் பதின்மூன்றை இருபத்தைந்தாக மாற்ற எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. முப்பத்து நாலு பேரையும் ஏகாம்பரம் சார் மறுபடி அடித்தார். ஒவ்வொன்றாக உள்ளே போகப் போக, அவருடைய முதுகு நிமிர்ந்தது. விசிலையும் பிடுங்கிவிட்டேன், அதன்பிறகு என் புரோகிராம் தப்பைத் திரையில் எழுதிக் காட்டியதே தவிர யாரையும் பார்த்துக் கத்தியதில்லை.

அடுத்த நாள் காலை பஸ் ஒரகடத்தில் இடது பக்கம் திரும்பியது.

வலது பக்கத்தில் ஒரு பிரச்சினை

ஆலங்குட்டைக்கு யார் போய்ச் சொல்வது? மறுநாளும் அவர்கள் கத்தரிக்காய்க் கூடைகளோடு காத்திருந்ததாக ஞானப்பிரகாசம் காதுக்குச் செய்தி வந்தது. ஏகாம்பரம் சாருடைய சைக்கிளில் அவரும் நானும் போனோம். வண்டிப் பாதையில் பாதித் தூரம் சைக்கிளை நாங்கள்தான் தள்ளிக்கொண்டு போனோம்.

முனுசாமியின் மகள் சரோஜா மோர் கொண்டு வந்து கொடுத்தாள். பத்தாவது முடித்துவிட்டு, மேலே படிக்கப் போவதற்கு பஸ் இல்லாததால் வீட்டில் இருந்தாள். நான் மோரைக் குடித்துக்கொண்டே கட்டத்தின் நீளம், பட்டியல், அம்புக்குறி என்று ஏதேதோ விளக்கினேன். முனுசாமி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப கவர்மெண்டு பஸ்ஸு இல்லியா அது?"

"இல்லைங்க."

"எங்க மனுவப் பாத்துட்டு வர்லியா?"

"இல்லைங்க."

சரோஜா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிறகு முனுசாமி கேட்டார், "அந்த லிஸ்ட்டு, எங்க ஊருக்கு முப்பத்தி நாலு பேர்னு போட்ட காயிதம், அத எனக்குக் குடுப்பீங்களா?"

"எதுக்குங்க? அது தப்பான லிஸ்ட்."

"மனுவோட வெச்சிக் குடுக்கத்தான். பதினோரு வருசமா கையால எழுதிக் குட்த்தேன், யாரும் படிக்கல. இது மிசினுல அடிச்சதாச்சே."

நான் முடியாது என்றேன். உறுதியாகத்தான் சொன்னேன். அன்று சாயங்காலம் பார்த்தால், கிழித்துப் போடச் சொன்ன லிஸ்ட்டைக் காணவில்லை. ஏகாம்பரம் சார் தன் பேனாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

முனுசாமியின் மனுவுக்கு ஒரு மாதத்துக்குள் பதில் வந்துவிட்டது. ஊர் மக்களைக் கணக்கெடுத்துப் பார்க்க அதிகாரி ஒருவர் ஆலங்குட்டைக்கு வருகிறார். லிஸ்ட்டைத் தயாரித்த கம்பெனி ஆளும் உடனிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை

மின்வெட்டுக்காக எங்கள் தொழிற்சாலைக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. அன்றுதான் அதிகாரியும் வருவதாக இருந்தது. அதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். மூன்று வீடுகளைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடுமே.

போய்ப் பார்த்தால், ஆலங்குட்டையில் திருவிழாக் கூட்டம். கிணற்று மேட்டில், வைக்கோல் போர் நிழலில், ஆட்டுக் கொட்டகை ஓரத்தில் எல்லாம் ஆட்கள். நடுவில் தூக்குச் சட்டியோடு பச்சையம்மாள். அவருக்குப் பின்னால் ஏழுமலை. சேரப்பணஞ்சேரி முழுவதையும் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த மாதிரி முப்பத்து நாலு பேர்.

"அக்கா, என்ன இது?"

"பஸ்ஸு வராம ரோட்டாண்ட நிக்கறது இன்னான்னு ஒரு நாள்ல எங்களுக்கே தெரிஞ்சிப் போச்சி. இவங்க பதினோரு வருசமா நின்னுக்கினு கீறாங்களாம். நீங்க சும்மா இருங்க மேடம்."

அதிகாரி மொபெட்டில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும், கக்கத்தில் பைல், கழுத்தில் கைக்குட்டை. கூட்டத்தைப் பார்த்தார். வீடுகளைப் பார்த்தார். மறுபடி கூட்டத்தைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "இந்த லிஸ்ட் உங்க கம்ப்யூட்டர்ல எடுத்ததுதானா?" என்றார்.

"கம்ப்யூட்டரில் எடுத்ததுதான் சார். ஆனால்..." என்று தொடங்கினேன்.

"அதான் எடுத்ததுதான்னு சொல்றாங்களே," என்று பச்சையம்மாள் குறுக்கே புகுந்தார்.

"நீங்க யாரும்மா?"

"லிஸ்ட்டுல மொத பேரு சார். பச்சையம்மா."

"உங்க வீடு எது?"

அவர் தயங்காமல் முனுசாமியின் வீட்டைக் காட்டினார். அதிகாரி எழுதிக்கொண்டார். "நீங்க?" ஏழுமலையும் அதே வீட்டைக் காட்டினார். அடுத்தவரும். அதற்கு அடுத்தவரும். வேறு இரண்டு வீடுகள் இருக்கின்றன என்று பச்சையம்மாள் கண்ணைக் காட்டிப் பார்த்தார், யாரும் கவனிக்கவில்லை. முப்பத்து நாலு கைகளும் முனுசாமியின் கூரை வீட்டை நோக்கியே நீண்டன. வாசலில் நின்ற முனுசாமி, இத்தனை பேரையும் பெற்று வளர்த்தவர் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அதிகாரி பேனாவை மூடினார். "முப்பத்தி நாலு பேரும் ஒரே வீடா?"

"கூட்டுக் குடும்பம் சார்," என்றார் முனுசாமி.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேலை போயிற்று, ஏகாம்பரம் சாருக்கும் சேர்த்துப் போயிற்று என்று நினைத்தேன்.

சரோஜா ஒரு சொம்பு மோரை அவரிடம் நீட்டினாள். அதிகாரி நிதானமாகக் குடித்தார். வந்த வண்டிப் பாதையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதில் மொபெட் இரண்டு தடவை கவிழ்ந்திருக்க வேண்டும், ஒரு பக்கக் கால்சட்டை முழுக்கச் செம்மண். வாயைத் துடைத்துக்கொண்டு பைலைத் திறந்தார்.

"இவ்ளோ பெரிய குடும்பத்துக்கு ஒரு தடவை பஸ் வந்தா பத்தாதே," என்றார். "காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு எழுதிக்கிறேன்."